வாழைத்தார் தொங்கிய கொக்கியில் ஒரு நாற்காலி

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் மலை என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. பனிச்சறுக்கு மலைகளையெல்லாம் மாற்றிப்போட்ட நாற்காலி லிஃப்ட் பிறந்தது அந்தச் சமவெளியில்தான். ஓமஹா நகரில் யூனியன் பசிஃபிக் ரயில்வேயின் தலைமை அலுவலகம் இருந்தது. அங்கே பொறியாளராக இருந்த ஜேம்ஸ் கர்ரன் 1936-ல் ஒரு படம் வரைந்தார். தூணுக்குத் தூண் ஓடும் எஃகு வடம், அதிலிருந்து வரிசையாகத் தொங்கும் ஒற்றை நாற்காலிகள்.

கர்ரன் அதற்கு முன்பு வெப்ப நாட்டுத் துறைமுகத்தில் வாழைத்தார் ஏற்றும் கருவி அமைத்த அனுபவம் உள்ளவர். தார் அடிபட்டால் கறுத்துவிடும், கப்பலும் காத்திருக்காது. அதனால் ஓடிக்கொண்டே இருக்கும் வடத்தின் கொக்கிகளில் தார்களை மாட்டிவிடுவார்கள். வடம் ஒரு கணமும் நிற்காமல் தார்களைக் கப்பலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்தக் கொக்கிக்குப் பதில் நாற்காலியை மாட்டினால் ஆள் ஏற மாட்டானா? கர்ரன் கேட்டது இவ்வளவுதான். அவருடைய மேலதிகாரிகளுக்கு அது ஆபத்தான யோசனையாகப் பட்டது. பழத்துக்குக் கால் இல்லை, பயம் இல்லை, உறைபனியில் விறைத்துப்போகும் விரல்களும் இல்லை.

ரயில்வே கம்பெனிக்கும் பனிச்சறுக்குக்கும் என்ன சம்பந்தம்? யூனியன் பசிஃபிக்கின் தலைவர் ஏவரல் ஹாரிமன் மேற்கே போகும் ரயில்களுக்குப் பயணிகளைத் தேடிக்கொண்டிருந்தார். ஆல்ப்ஸ் மலை ஊர்களைப் போல அமெரிக்காவிலும் ஒன்றை எழுப்பினால் குளிர்காலத்திலும் ரயில் நிறையும் என்பது அவர் கணக்கு. ஃபெலிக்ஸ் ஷாஃப்காட்ஷ் என்ற ஆஸ்திரியப் பிரபுவை இடம் பார்க்க அனுப்பினார். பல மலைகளைத் தள்ளிவிட்டு ஷாஃப்காட்ஷ் கடைசியில் தேர்ந்தெடுத்தது ஐடஹோ மாநிலத்தின் கெச்சம் என்ற சிற்றூர். சுரங்கத் தொழில் ஓய்ந்துபோய், ஆட்டு மந்தைகளால் பிழைத்துக்கொண்டிருந்த ஊர் அது. அதன் பக்கத்தில் எழுந்த விடுதிக்கு சன் வேலி என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் காலத்தில் சறுக்குவதற்காக மலையேறுவதே பெரும்பாடு. சறுக்குப் பலகையின் அடியில் தோலைக் கட்டிக்கொண்டு காலை முழுக்க ஏறினால் மதியம் ஒரு தடவை சறுக்கி இறங்கலாம். 1934-ல் வெர்மான்ட் மாநிலத்து உட்ஸ்டாக்கில் ஃபோர்டு கார் எஞ்சினைக் கொண்டு ஒரு கயிற்றை ஓடவிட்டார்கள். அதைக் கையால் பிடித்துக்கொண்டால் மேலே இழுத்துப் போகும். கையுறை தேய்ந்து கிழியும், தோள் கழன்றுவிடும் போல வலிக்கும். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் டாவோஸில் எர்ன்ஸ்ட் கான்ஸ்டம் என்ற பொறியாளர் கொக்கி போன்ற கம்பை இடுப்புக்குப் பின்னால் கொடுத்து இழுக்கும் முறையைக் கொண்டுவந்தார். இரண்டிலும் பலகை தரையை விட்டு எழும்பாது. ஓமஹா அலுவலகத்தில் மற்றவர்கள் முன்வைத்த யோசனைகளும் இந்த வழியிலேயே போயின. ஆளைத் தரையிலிருந்து தூக்கி, உட்காரவைத்துக் கொண்டுபோகலாம் என்று நினைத்தவர் கர்ரன்தான். அவர் படத்தைப் பார்த்து இதுதான் சரி என்று ஆதரித்தவர் சார்லி பிராக்டர். டார்ட்மத் கல்லூரிக்காகச் சறுக்கிப் பெயரெடுத்த அவரைத்தான் கம்பெனி ஆலோசகராக அழைத்திருந்தது.

சோதனைக்கு ஓமஹாவின் ரயில் பட்டறையே களம். கோடை வெயிலில் பனிக்கு எங்கே போவது? லாரி ஒன்றின் பக்கவாட்டில் மரச்சட்டம் நீட்டி, அதில் ஒரு நாற்காலியைத் தொங்கவிட்டார்கள். சறுக்குப் பலகை மாட்டிய ஆளை முதலில் வைக்கோல் பரப்பின்மேல் நிற்கவைத்துப் பார்த்தார்கள், பலகை வழுக்கவில்லை. பிறகு சக்கரக் காலணி மாட்டிக் கான்கிரீட் தரையில் நின்றார்கள். நிற்பவரின் முழங்கால் மடிப்பில் நாற்காலி வந்து இடிக்கும்படி லாரியை ஓட்டினார்கள். எந்த வேகம்வரை வந்தால் ஆள் விழாமல் உட்கார முடிகிறது என்று பார்ப்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும். மணிக்கு 4, 5 மைல் என்பது விடையாகக் கிடைத்தது.

இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முழங்காலுக்குப் பின்னால் வரும் நாற்காலியை மனித உடம்பு எந்த வேகத்தில் ஏற்றுக்கொள்ளும் என்ற அந்த ஒரே எல்லையைச் சுற்றித்தான் அடுத்த 90 ஆண்டுப் பொறியியலும் நடந்திருக்கிறது.

1936 டிசம்பரில் சன் வேலி திறந்தபோது இரண்டு லிஃப்டுகள் தயாராக இருந்தன. ஒன்று டாலர் மலையில், மற்றது பிராக்டரின் பெயரையே சூட்டிய மலையில். ஒரு தடவை ஏற 25 சென்ட். உட்கார்ந்தபடியே மேலே போய்ச் சேர்ந்த முதல் ஆட்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அதுவரை பனிச்சறுக்கு என்பது மலையேற்றத்துக்குக் கிடைத்த கூலி. லிஃப்ட் வந்த பிறகு ஏற்றம் மறைந்து, இறக்கம் மட்டும் மிஞ்சியது. மூச்சுத் திணறும் நடுத்தர வயதுக்காரருக்கும் பத்து வயதுச் சிறுமிக்கும் மலையுச்சி ஒரே தொலைவுக்கு வந்துவிட்டது. இன்று உலகெங்கும் உள்ள பனிச்சறுக்கு விடுதிகளும் பாஸ் விற்பனையும் நிலமதிப்பும் இந்த மாற்றத்தின்மேல் எழுந்தவையே.

மற்ற மலைகளும் காத்திருக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே கியூபெக்கின் மாண்ட் ட்ரெம்ப்ளாங்கிலும் நியூ ஹாம்ப்ஷயரின் பெல்நாப்பிலும் நாற்காலிகள் ஓடின. யூட்டா மாநிலத்து ஆல்டாவில் பழைய சுரங்க ரோப்வேயின் பாகங்களைக் கொண்டே ஒரு லிஃப்டை நிறுத்தினார்கள். சுரங்கத்துக்கும் லிஃப்டுக்கும் உறவு அதைவிடப் பழையது. கம்பிவடம் என்பதே 1834-ல் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் ஆல்பெர்ட் உருவாக்கியது. தாது போன பாதையில் மனிதர்கள் போனார்கள். 1940-ல் வெர்மான்டின் ஸ்டோ மலையில் போட்ட ஒற்றை நாற்காலி லிஃப்ட் ஒரு மைலுக்கும் அதிக நீளம். ஏறுகிறவர்களுக்குப் போர்த்திக்கொள்ளக் கம்பளி கொடுத்து அனுப்பினார்கள்.

சன் வேலியின் அந்த முதல் லிஃப்டுகளில் ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளிலேயே வேலை போய்விட்டது. ஊர் பெரிய மலைக்கு மாறிக்கொண்டிருந்தது, சின்ன லிஃப்ட் உபரியானது. அதை வாங்க வந்தவர் எவரெட் கெர்ச்சர், டெட்ராய்ட்டில் ஸ்டூடிபேக்கர் கார் விற்றுக்கொண்டிருந்தவர். மிச்சிகனின் வடபகுதியில் பாய்ன் என்ற இடத்தில் அவரும் கூட்டாளிகளும் ஒரு குன்றை வாங்கியிருந்தார்கள். உயரம் 500 அடிதான், ராக்கி மலைக்காரர்கள் அதை மேடு என்று கூடச் சொல்ல மாட்டார்கள். ஆனால் கார்த் தொழிற்சாலை ஊர்களிலிருந்து ஒரே நாளில் ஓட்டி வந்துவிடலாம். 4800 டாலர் கொடுத்து வாங்கிய லிஃப்ட் பிரித்து அடுக்கப்பட்டு, கண்டத்தின் பாதியைத் தாண்டி மிச்சிகன் போய்ச் சேர்ந்தது. ஹெம்லாக் என்ற பெயரில் மறுபடி நின்றது. வந்த கொஞ்ச காலத்திலேயே கெர்ச்சர் அதை இருவர் உட்காரும் லிஃப்டாக மாற்றிவிட்டார்.

லிஃப்டுகளின் வரலாற்றில் கர்ரனின் படத்துக்கு அடுத்தபடி முக்கியமான நிகழ்ச்சியாக நான் கருதுவது இந்த விற்பனையைத்தான். பணக்கார விடுதி ஒன்று பத்தாண்டில் கழித்துவிட்ட கருவி, தொழிலாளர் நாட்டுக் குன்று ஒன்றை உயிர்ப்பித்தது. இந்த வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. அதோடு அந்தப் பழைய லிஃப்டில் தொடங்கிய பாய்ன் நிறுவனமே பிறகு புதுமைக்கெல்லாம் முன்னோடியானது. நான்கு பேர் உட்காரும் முதல் லிஃப்ட் 1964-ல் பாய்ன் மலையில்தான் ஓடியது. ஆறு பேர் லிஃப்ட் 1991-ல் கியூபெக்கின் மாண்ட் ஆர்ஃபோர்டில் வந்தது, அடுத்த ஆண்டே அமெரிக்காவில் முதல் ஆளாகப் பாய்ன் அதைப் போட்டது. சன் வேலியிலிருந்து வந்த லிஃப்டின் சில பாகங்கள் இன்னும் ஹெம்லாக்கில் இருப்பதாக அந்த நிறுவனம் சொல்கிறது. 2022-ல் பாய்ன் மலையில் 1200 அடி நீளத் தொங்குபாலம் ஒன்றைத் திறந்தார்கள். பாலத்தைப் பார்க்க வருகிறவர்கள் பனியில்லாத கோடையிலும் ஹெம்லாக் நாற்காலியில்தான் மேலே போகிறார்கள்.

இருக்கையை அகலமாக்குவது எளிது, ஓமஹாவில் கண்ட வேக எல்லையைத் தாண்டுவதுதான் கடினம். பழைய வகை லிஃப்டில் நாற்காலியின் பிடி வடத்தை நிரந்தரமாகக் கவ்வியிருக்கும். வடம் நொடிக்கு 2.3 மீட்டர் போனால் நாற்காலியும் அதே வேகத்தில் வந்துதான் முழங்காலைத் தொடும். ஊழியர் ஒருவர் ஒவ்வொரு நாற்காலியையும் கையால் பிடித்து, வேகத்தை ஒரு கணம் தாங்கி, ஏறுகிறவரின் அடியில் கொடுப்பார். நாள் முழுவதும் அதே வேலை. வடத்தை வேகப்படுத்தினால் ஏறுமிடத்தில் ஆட்கள் கீழே விழுவார்கள்.

இதற்கு விடை, நாற்காலி வடத்தை விட்டுவிட்டு மறுபடி பிடித்துக்கொள்வது. சுவிட்சர்லாந்தின் ஃபான் ரோல் நிறுவனம் 1945-லேயே ஃப்ளிம்ஸ் என்ற ஊரில் அப்படி ஒன்றைச் செய்து காட்டியது. இருவர் பக்கவாட்டில் திரும்பி, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி போகும் அழகான லிஃப்ட் அது. இன்றைய வடிவம் வந்தது 1981-ல். கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜ் மலையில், ஆஸ்திரியாவின் வோல்ஃபுர்ட் ஊரைச் சேர்ந்த டோப்பல்மையர் நிறுவனம் நான்கு பேர் உட்காரும், கழன்று மாட்டும் லிஃப்டை நிறுத்தியது. வடம் நொடிக்கு 5 மீட்டர் ஓடும். நிலையத்துக்குள் நாற்காலி நுழைந்ததும் பிடியின் நெம்புகோல் ஒரு தண்டவாளத்தில் உரசி அமுங்கும், உள்ளே இருக்கும் வலிய சுருள்வில் அழுந்தித் தாடை திறக்கும். அந்த நொடியிலிருந்து நாற்காலி வடத்துக்குச் சொந்தமில்லை. மேலே வரிசையாகச் சுழலும் சின்ன ரப்பர் டயர்கள் அதை வாங்கிக்கொள்கின்றன. ஒவ்வொரு டயரும் முந்தையதைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும், அதனால் நாற்காலி நடை வேகத்துக்கு இறங்கிவிடும். ஆட்கள் ஏறியதும் அடுத்த வரிசை டயர்கள் வேகத்தைக் கூட்டிக் கொண்டுபோய், வடமும் நாற்காலியும் சரிசமமான வேகத்தில் இருக்கும்போது பிடியை மூடிவிடும். ஒரு நிமிடத்துக்குள் முடிகிற காரியம். பிடி சரியாகக் கவ்வியிருக்கிறதா என்று அளக்கும் உணர்விகள் ஒவ்வொரு முறையும் சோதிக்கும், சந்தேகம் வந்தால் லிஃப்ட் தானாக நின்றுவிடும்.

அந்தச் சோதனைகள் எவ்வளவு முக்கியம் என்பதைக் கனடாவின் விஸ்லர் மலை 1995 டிசம்பர் 23 அன்று உணர்ந்தது. குவிக்சில்வர் லிஃப்டில் வடத்தைப் பிடித்திருக்க வேண்டிய நாற்காலிகள் சறுக்கி ஒன்றோடொன்று மோதிக் கீழே விழுந்தன, இருவர் இறந்தார்கள். அந்த லிஃப்டைச் செய்த நிறுவனத்தின் கழன்று மாட்டும் லிஃப்டுகள் பிற மலைகளிலும் மாற்றி அமைக்கப்பட்டன அல்லது முற்றிலும் எடுக்கப்பட்டன. பழைய லிஃப்டை மாற்றுவதற்கு வசதி மட்டுமே காரணமில்லை என்று சொல்வதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

லிஃப்டில் எனக்கு மிகப் பிடித்த பகுதி பயணிகள் யாரும் கவனிக்காத ஓர் இடம். வடத்துக்கு நுனி கிடையாது. ஆனால் ஆலையிலிருந்து வரும்போது அது இரண்டு நுனி உள்ள நீண்ட கயிறுதானே. மலையில் ஏற்றிய பிறகு இரண்டு நுனிகளையும் சேர்த்துப் பின்னுகிறார்கள். வடத்தில் ஆறு புரிகள், நடுவே ஒரு கரு. இரு முனைகளிலும் புரிகளைப் பல பத்து மீட்டர் தூரத்துக்குப் பிரித்து, ஒரு முனையின் புரியை எடுத்த இடத்தில் மறுமுனையின் புரியைக் கிடத்தி, தலைப்பின்னல் போல மாற்றி மாற்றி இறக்குவார்கள். ஒவ்வொரு புரியின் கடைசி நுனியும் கருவை எடுத்த வெற்றிடத்துக்குள் செருகப்படும். முடிச்சு இல்லை, பற்றவைப்பு இல்லை. உராய்வு ஒன்றேதான் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. இந்தப் பின்னல் வடத்தின் விட்டத்தைப்போல் 1200 மடங்கு நீளமாவது இருக்க வேண்டும் என்பது விதி. 45 மில்லிமீட்டர் வடம் என்றால் 54 மீட்டர். முடிந்த பிறகு கையால் தடவிப் பார்த்தாலும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பழக்கமில்லாதவருக்குத் தெரியாது. இதைச் செய்யத் தெரிந்தவர்கள் சிலரே. கோடை முழுவதும் அவர்கள் மலைக்கு மலை போய்க்கொண்டிருப்பார்கள்.

புது லிஃப்ட் பற்றிய விளம்பரங்கள் வேகத்தைத்தான் முன்னால் வைக்கும். வேகம் கூடினால் வரிசை கரையும் என்று சறுக்க வருகிறவர்களும் நம்புகிறார்கள். மணிக்கு எத்தனை பேர் மேலே போகிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது வேகம் அல்ல. எத்தனை நொடிக்கு ஒருமுறை நாற்காலி வருகிறது, அதில் எத்தனை பேர் உட்காரலாம் என்பவையே தீர்மானிக்கின்றன. 6 நொடிக்கு ஒரு நாற்காலி, நான்கு பேர் என்றால் மணிக்கு 2400 பேர். பழைய மெதுவான லிஃப்டானாலும் புதிய வேக லிஃப்டானாலும் அதே எண்தான். வேக லிஃப்டில் நாற்காலிகள் அதிக இடைவெளிவிட்டுத் தொங்கும், அவ்வளவுதான்.

மாறுவது வேறொன்று. 1200 மீட்டர் நீள லிஃப்ட் நொடிக்கு 2.3 மீட்டரில் ஓடினால் மேலே போய்ச்சேர 9 நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் சுமார் 350 பேர் ஆகாயத்தில் உட்கார்ந்திருப்பார்கள். 5 மீட்டர் வேகத்தில் பயணம் 4 நிமிடம், ஆகாயத்தில் 160 பேர்தான். மிச்சம் 190 பேர் எங்கே போனார்கள்? ஒன்று கீழே வரிசையில், இல்லை சறுக்குச் சரிவில். பழைய லிஃப்ட் தன் மெதுவான பயணத்தால் கூட்டத்தில் ஒரு பங்கைத் தன்மேலேயே வைத்துக்கொண்டிருந்தது. புதிய லிஃப்ட் அவர்களை மலைமேல் இறக்கிவிடுகிறது. இருக்கையையும் ஆறு, எட்டு என்று கூட்டினால் வரிசை நிச்சயம் குறையும், ஆனால் அந்தக் கூட்டம் சரிவில் வந்து நிற்கும். ஒரு மலை எத்தனை பேரைத் தாங்கும் என்ற கேள்வியை எழுப்பாமல் லிஃப்டை மாற்றுவது பாதி வேலை என்பது என் உறுதியான எண்ணம்.

எட்டு பேர் லிஃப்ட் 1997-ல் நார்வேயின் வ்ராடாலில் வந்தது. அமெரிக்கக் கண்டத்துக்கு வர 2018 ஆயிற்று. மான்டானா மாநிலத்து பிக் ஸ்கையில் ராம்சார்ஜர் 8 என்று நிறுத்தினார்கள். காற்றையும் பனியையும் தடுக்கும் கண்ணாடி மூடி, சூடேறும் இருக்கை, மணிக்கு 3000 பேருக்கு மேல் ஏற்றும் திறன். பிக் ஸ்கையும் பாய்ன் நிறுவனத்துக்குச் சொந்தம்தான். புதியது வந்ததும் 1990-ல் போட்ட பழைய ராம்சார்ஜரைக் கழற்றி, அதே மலையின் இன்னொரு பக்கத்தில் ஷெட்ஹார்ன் என்ற பெயரில் நிறுத்தினார்கள்.

அங்கேயே ஓடிய ஸ்விஃப்ட் கரன்ட் லிஃப்டின் பயணம் இன்னும் நீளமானது. 1997-ல் வந்த நான்கு பேர் வேக லிஃப்ட் அது. 2021-ல் ஆறு பேர் லிஃப்ட் அதன் இடத்தைப் பிடித்தது. பழையதைப் பிரித்து 2000 மைலுக்கு அப்பால், நாட்டின் மறு ஓரத்தில் மெய்ன் மாநிலத்து சுகர்லோஃப் மலைக்குக் கொண்டுபோனார்கள். 2024-ல் பக்சா எக்ஸ்பிரஸ் என்ற புதுப்பெயரில் அது மறுபடி ஓடத் தொடங்கியது. இப்படி இடம் பெயரும்போது எல்லாமும் போவதில்லை. நிலையங்களின் இயந்திரங்கள், நாற்காலிகள், பிடிகள், தூண்களின் தலையில் இருக்கும் உருளை வரிசைகள் ஆகியவை போகும். தூண்கள் பெரும்பாலும் புதிதாகச் செய்யப்படும். ஏனென்றால் ஒவ்வொரு தூணின் உயரமும் அது நின்ற மலையின் மேடு பள்ளத்துக்கு அளந்து வெட்டியது. கான்கிரீட் அடித்தளத்தை யாராலும் தூக்கிப்போக முடியாது. பனி உருகியதற்கும் மறுபடி விழுவதற்கும் இடையே கிடைக்கும் சில மாதங்களில் அடித்தளம் தோண்டி, ஹெலிகாப்டரில் தூணைத் தொங்கவிட்டுக் கொண்டுவந்து போல்ட்டின்மேல் இறக்கி, வடம் இழுத்துப் பின்னி, சுமை ஏற்றிச் சோதித்து முடித்தாக வேண்டும்.

ஓடுவதற்கு முன்பே இடம் பெயர்ந்த லிஃப்டுகளும் உண்டு. யூட்டாவின் பார்க் சிட்டியில் வெயில் ரிசார்ட்ஸ் நிறுவனம் இரண்டு லிஃப்டுகளை மாற்ற 2022-ல் அனுமதி வாங்கியது. சில்வர்லோடில் எட்டு பேர், ஈகிளில் ஆறு பேர். உள்ளூர்க்காரர்கள் நால்வர் மேல்முறையீடு செய்தார்கள். மலைக்கு இத்தனை பேரை ஏற்றினால் அவர்கள் கார்களை எங்கே நிறுத்துவார்கள், மலையின் தாங்குதிறனைக் கணக்கிட்ட முறை சரியா என்பவைதான் அவர்கள் கேள்விகள். அந்த ஆண்டு ஜூனில் நகரத் திட்டக் குழு அவர்கள் பக்கம் நின்று அனுமதியை ரத்துசெய்தது. இயந்திரங்களோ ஏற்கெனவே தயாராகிவிட்டன. நிறுவனம் அவற்றை எல்லை தாண்டி கனடாவின் விஸ்லர் பிளாக்கோமுக்கு அனுப்பியது. எட்டு பேர் லிஃப்ட் 2023 டிசம்பரில் ஃபிட்ஸிமன்ஸ் என்ற பெயரில் ஓடத் தொடங்கியது, ஆறு பேர் லிஃப்ட் அடுத்த ஆண்டு ஜெர்சி கிரீம் ஆனது. பார்க் சிட்டிக்காரர்கள் வளர்ச்சிக்குத் தடை போட்டுவிட்டார்கள் என்று குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. லிஃப்ட் கொண்டுவரும் கூட்டம் லிஃப்டோடு நின்றுவிடாது. சாலை, வாகன நிறுத்தம், சாப்பாட்டு மேசை என்று ஊர் முழுவதும் பரவும். அந்தக் கணக்கை ஊர்க்காரர்கள் கேட்டது நியாயமே.

இந்தக் கேள்விக்கு எதிர்த்திசையில் போய் விடை சொன்ன மலை வெர்மான்டின் மேட் ரிவர் க்ளென். 1948-ல் போட்ட ஒற்றை நாற்காலி லிஃப்ட் அங்கே இருந்தது. 1995-ல் அந்த மலையைச் சறுக்குகிறவர்களே கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கினார்கள். லிஃப்ட் தேய்ந்துபோனபோது என்ன செய்வது என்று உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். புதிதாக இருவர் லிஃப்ட் போட்டிருந்தால் செலவு குறைந்திருக்கும், வரிசையும் குறைந்திருக்கும். அவர்கள் ஒற்றை நாற்காலியையே வைத்துக்கொள்ள முடிவெடுத்தார்கள். மணிக்கு 500 பேர்தான் மேலே போக முடியும் என்பதால்தான் தங்கள் சரிவுகளில் நெரிசல் இல்லை, பனி சீக்கிரம் சுரண்டப்படுவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். 2007-ல் 15 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்துத் தூண்களை ஹெலிகாப்டரில் தூக்கியெடுத்து, துரு சுரண்டி, வண்ணம் பூசி, புதிய அடித்தளத்தில் திரும்ப நிறுத்தினார்கள். வேலையைச் செய்து கொடுத்தது, உலகெங்கும் எட்டு பேர் லிஃப்டுகளை நிறுத்தும் அதே டோப்பல்மையரின் அமெரிக்கக் கிளை. ஒரு பெரிய நிறுவனம் 1948-ன் நாற்காலியை அதே மதிப்போடு செப்பனிட்டுக் கொடுத்தது என்பது மனத்துக்கு நிறைவான செய்தி.

சுவிட்சர்லாந்தின் வைஸன்ஷ்டைன் மலைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஃபான் ரோலின் பக்கவாட்டு இருக்கைகள் அங்கே 1950 முதல் 2009 வரை ஓடின. பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது. அந்த வழக்கு ஓய்ந்து, இருக்கைகள் இறக்கப்பட்டு, 2014-ல் மூடிய பெட்டிகள் ஓடும் புதிய ரோப்வே திறந்தது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் குழந்தை வண்டியோடு வருகிறவர்களும் இப்போது மேலே போக முடிகிறது. அதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. ஆனாலும் பள்ளத்தாக்கை நோக்கித் திரும்பி உட்கார்ந்து போகும் அந்தப் பயணத்தில் ஒரு வரிசையையாவது எங்காவது ஓடும் நிலையில் காப்பாற்றியிருக்க வேண்டும்.

சன் வேலியே இப்போது மறுபடி மாறியிருக்கிறது. பால்டி மலையின் சாலஞ்சர் லிஃப்ட் 2023-ல் ஆறு பேர் லிஃப்டானது. ஒரே லிஃப்டில் 3100 அடிக்கு மேல் செங்குத்து உயரம் ஏறுகிறது. ராக்கி மலை முழுவதும் 1980-களிலும் 90-களிலும் போட்ட வேக லிஃப்டுகள் இப்போது ஒவ்வொன்றாக வயதாகி நிற்கின்றன. இனி வரும் பல கோடைகளில் அவை கழற்றப்படும். கழற்றப்பட்ட நாற்காலிகளைச் சறுக்குகிறவர்கள் ஏலத்தில் எடுத்து வீட்டுத் திண்ணையில் ஊஞ்சலாகக் கட்டிக்கொள்கிறார்கள். அது நல்ல ஆசைதான். எனக்குக் கவலையெல்லாம் இயந்திரங்களைப் பற்றியே.

வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேனில் ரிப்லெட் என்ற நிறுவனம் இருந்தது. சுரங்க ரோப்வேயில் தொடங்கி, அமெரிக்க மேற்கின் சின்னச் சின்ன மலைகளுக்கெல்லாம் நடுக்கம்பி வைத்த இருவர் நாற்காலிகளைக் கொடுத்தது. 2003-ல் கடையை மூடியது. அதன் லிஃப்டுகள் இன்னும் பல ஊர்களில் ஓடுகின்றன. பெரும்பாலும் உள்ளூர்ச் சங்கங்கள் நடத்தும், ஒன்றிரண்டு லிஃப்ட் மட்டுமே உள்ள மலைகள். அங்கே ஒரு பிடியோ உருளையோ தேய்ந்தால், எங்கேயோ ஒரு பெரிய மலை கழற்றிப் போட்ட ரிப்லெட்டிலிருந்துதான் எடுத்து மாட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே பெரிய விடுதிகள் புது லிஃப்டுக்கு ஒப்பந்தம் போடும்போதே பழையதன் நிலையங்களும் பிடிகளும் உருளைகளும் எந்தச் சின்ன மலைக்குப் போகும் என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். இயந்திரம் செய்த நிறுவனங்களும் அந்த லிஃப்டுகளுக்குரிய வரைபடங்களையும் உதிரி பாகங்களையும் அவை ஓடும்வரை கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.